தறி ஈன்ற மோட்டார்

1945-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 14-ந் தேதி. ஜப்பானின் நடுப்பகுதியிலுள்ள கொரோமோ என்னும் சிற்றூரில், ஏழு வருஷங்களுக்கு முன்பு எழுப்பப்பட்ட ஒரு மோட்டார் தொழிற்சாலையின் மீது அமெரிக்க விமானங்கள் குண்டு வீசின. தொழிற்சாலையில் ஏறக்குறையக் கால் பங்கு நாசமாயிற்று. மறுநாள் நண்பகலில் ஜப்பானியச் சக்கரவர்த்தியின் குரல் ரேடியோவில் கேட்டது, யுத்தம் முடிந்தது. இன்னும் ஒரு நாள் கழிந்திருந்தால் அந்தக் குண்டுகள் விழுந்திரா!

அந்நாளில் ஜப்பான் இருந்த நிலைமையை நேயர்களுக்கு விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியதில்லை. பெருநகரங்கள் சாம்பல் மேடுகளாகக் கிடந்தன. வியாபாரக் கப்பல்களில் பெரும்பாலானவை கடலடியில் இருந்தன. பண வீக்கத்தால் மக்கள் சேமித்து வைத்திருந்த பணம் கையிலிருந்தபடியே கரைந்தது. இப்படிப்பட்ட தேசம் பதினோரே வருஷங்களில், 1956-ல், யுத்தத்துக்குப் பிந்திய காலம் கழிந்துவிட்டது என்று தன் சர்க்காரின் பொருளாதார அறிக்கையிலேயே எழுதத் துணிந்தது. இது எவ்வாறு சாத்தியமாயிற்று?

அமெரிக்கர் கொடுத்த உதவியினால் என்பார்கள் சிலர். டோக்கியோவில் இருந்த மந்திரி காரியாலயங்களின் சாமர்த்தியம் என்பார்கள் வேறு சிலர். ஜப்பானியருக்கு உடன் பிறந்த உழைப்பு என்று சொல்லித் திருப்தி அடைகிறவர்களும் உண்டு. இவற்றில் எதையும் பொய் என்று நாம் தள்ளவில்லை. ஆனால் பள்ளிக்கூடப் புஸ்தகங்களில் அதிகமாகப் பேசப்படாத இன்னொரு காரணம் இருக்கிறது. ஏற்கெனவே ஒரு தொழிலில் காலூன்றி நின்ற பழைய கம்பெனி, அந்தத் தொழிலின் லாபத்தையே உண்டு கொண்டு சும்மா இராமல், தன் கொல்லைப்புறத்தில் ஒரு கொட்டகை போட்டு, முன்பின் தெரியாத ஒரு புதுத் தொழிலைத் தொடங்குவது. அந்தக் குழந்தை நடக்கும் வரையில் அதற்குச் சோறு போடுவது. கையில் காசில்லாத தனி மனிதர்களால் இது ஆகாது. நிதி மந்திரிகளாலும் ஆகாது. கொரோமோவில் குண்டு விழுந்த அந்தத் தொழிற்சாலை இப்படிப் பிறந்ததுதான். அதனுடைய தாய் ஒரு நெசவுத் தறி.

1867-ல் ஒரு கிராமத்துத் தச்சருக்குப் பிள்ளையாகப் பிறந்தவர் ஸாகிச்சி டொயோடா. வீட்டில் தாயார் தறி நெய்ய, அவர் படும் சிரமத்தைப் பார்த்துக் கொண்டே வளர்ந்தவர். தகப்பனாரிடம் கற்ற தச்சு வேலையைக் கொண்டு மரத்தறி ஒன்றைத் திருத்தி அமைத்து, 1891-ல் அதற்குப் பதிவுரிமை பெற்றார். அதன் பிறகு ஆயுள் முழுவதும் அவருக்குத் தறி தவிர வேறு நினைவில்லை. ஊடை நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் விசைத்தறியைச் செய்தார். 1924-ல் அவருடைய சிகரமான சிருஷ்டி வெளிவந்தது. நாடாவில் நூல் தீர்ந்தால், தறியின் ஓட்டத்தை நிறுத்தாமலே பழைய நாடா போய்ப் புது நாடா வந்து உட்காரும். பாவில் ஓர் இழை அறுந்தாலும் தறி அக்கணமே நின்று போகும்.

தறி நிற்பதில் என்ன பெருமை என்று கேட்கலாம். நெசவாளர் குடும்பத்தாரைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். அறுந்த இழையைக் கவனியாமல் ஓடும் தறி, கெட்டுப்போன துணியைக் கஜம் கஜமாக நெய்து தள்ளிக் கொண்டே இருக்கும். அதைத் தடுப்பதற்காக ஒவ்வொரு தறிக்கும் ஓர் ஆள் கண் இமையாமல் நிற்க வேண்டும். தவறு நேர்ந்தால் தறி தானே நிற்குமானால், ஒரே ஆள் முப்பது தறிகளைக் கூடப் பார்த்துக் கொள்ளலாம். இந்தச் சின்ன விஷயத்தை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டுகிறோம். பின்னால் இது வேறு வேஷத்தில் வரப் போகிறது.

1926-ல் கரியா என்ற ஊரில் இந்தத் தறிகளைச் செய்வதற்கென்றே ஒரு கம்பெனி ஏற்பட்டது. அதற்கு மூன்று வருஷங்களுக்குப் பிறகு, உலகத்துக்கே நெசவு யந்திரங்கள் செய்து கொடுத்த இங்கிலாந்து தேசத்தின் ஓல்டாம் நகரத்து பிளாட் சகோதரர் கம்பெனி, இந்தத் தறியின் உரிமையை 1,00,000 பவுனுக்கு ஒப்பந்தம் செய்து வாங்கிக் கொண்டது. ஸாகிச்சியின் குமாரர் கீயிசிரோ 1922-ல் அதே கம்பெனிக்குச் சென்று சில காலம் வேலை பழகியவர். கற்றுக் கொள்ளப் போன இடமே ஏழு வருஷத்தில் விலை கொடுத்து வாங்க வந்தது!

அந்தக் காலத்தில் ஜப்பானியத் துணி நமது தேசத்துக் கடைவீதிகளில் வந்து குவிந்ததையும், 1933-ல் இந்திய சர்க்கார் அதன் மீது நூற்றுக்கு 75 வீதம் வரி விதித்ததையும், அதற்குப் பதிலடியாக ஜப்பானிய மில்காரர்கள் இந்தியப் பஞ்சை வாங்குவதில்லை என்று நின்றதையும் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள் சிலர் இருக்கக்கூடும். அந்தப் போட்டிக்குப் பின்னால் மலிவான கூலி மட்டுமல்ல, இத்தகைய யந்திரங்களும் இருந்தன.

தறிக் கம்பெனி நன்றாகவே நடந்தது. வயிறு நிறைந்தவன் தூங்குவது உலக இயல்பு. ஆனால் கீயிசிரோவுக்குத் தூக்கம் வரவில்லை. பிளாட் கம்பெனியுடன் ஒப்பந்தம் பேசுவதற்காக 1929-ல் அமெரிக்கா வழியாக இங்கிலாந்து சென்றபோது, அவர் கண்ணில் பட்டவை இரண்டு காட்சிகள். அமெரிக்க வீதிகளில் வெள்ளமாக ஓடிய மோட்டார்கள் ஒன்று. வேலையின்றிச் சோர்ந்திருந்த லங்காஷயர் நெசவு ஊர்கள் மற்றொன்று. நெசவுத் தொழிலின் தாய்வீட்டுக்கே அந்தக் கதி நேருமானால், அதற்கு யந்திரம் செய்கிறவனுடைய கதி என்ன என்ற கேள்வி அவருக்குத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

1930-ல் தகப்பனார் காலமானார். தறியின் உரிமைக்குக் கிடைத்த பணத்தை அவர் மகனிடம் கொடுத்து மோட்டார் செய்யச் சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மோட்டார் தொழில் அந்தப் பணத்தில் அடங்கக் கூடியதல்ல. தறிக் கம்பெனியின் லாபமும், அதன் பங்குதாரர்கள் பின்னர் போட்ட மூலதனமுமே இந்தக் குழந்தைக்குப் பால் வார்த்தன.

அதற்கு வீட்டிலேயே எதிர்ப்பு இருந்தது. கம்பெனியின் தலைவர் ரிஸாபுரோ, கீயிசிரோவின் சகோதரியை மணந்து அக்குடும்பத்திலேயே சுவீகாரமாக வந்தவர். கணக்குத் தெரிந்த மனிதர். மோட்டார் என்றால் அவருக்குத் தயக்கம். அதில் தவறு என்ன? அமெரிக்க போர்டு கம்பெனி 1925 முதல் யோகோஹாமாவிலும், ஜெனரல் மோட்டார்ஸ் 1927 முதல் ஒஸாகாவிலும் மோட்டார்களைப் பூட்டி விற்றுக் கொண்டிருந்தன. மலை போன்ற அந்தக் கம்பெனிகளுக்கு எதிரே தறி செய்கிறவன் போய் நிற்பதா? இப்படிக் கேட்க ஒருவர் ஒவ்வொரு கம்பெனியிலும் இருக்கத்தான் வேண்டும். அவர் பேச்சே எப்போதும் ஜயித்துவிடக் கூடாது, அவ்வளவுதான். 1933-ம் வருஷம் செப்டம்பர் மாதம் தறிக் கம்பெனிக்குள் மோட்டார் இலாகா ஒன்று திறக்கப்பட்டது.

ஓர் அமெரிக்கச் செவ்ரோலே வண்டியை வாங்கி, திருகாணி திருகாணியாகக் கழற்றிப் பார்த்தார்கள். இன்ஜினின் உடலை வார்ப்பதுதான் பிராணாவஸ்தையாக இருந்தது. தறிக்கு இரும்பு வார்த்துப் பழகிய கைகளுக்கு அந்த நுட்பம் பிடிபடவில்லை. வார்த்தவை மீண்டும் மீண்டும் உலைக்கே திரும்பின. 1935-ல் லாரி வெளிவந்தது. வெளிவந்த லாரியோ வழியில் நின்றது. பின் அச்சு முறிந்தது. பத்திரிகைகள் பரிகசித்தன. கம்பெனியின் ஆட்கள் லாரி நின்ற இடத்துக்கே ஓடிச் சென்று பழுது பார்த்து, முறிந்த பாகத்தைத் தூக்கிக் கொண்டு வந்து காரணத்தை ஆராய்ந்தார்கள். இந்த வருஷங்களில் தறிக் கம்பெனியின் கணக்குப் புஸ்தகத்தை மட்டும் பார்த்த ஒருவர், மோட்டார் இலாகாவை இழுத்து மூடும்படிதான் யோசனை சொல்லியிருப்பார்.

1936-ல் ஜப்பானிய சர்க்கார் ஒரு சட்டம் இயற்றி அந்நியக் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தியது. இராணுவத்துக்கு லாரி வேண்டியிருந்தது என்பதே அதன் உட்கருத்து. 1937 ஆகஸ்டில் மோட்டார் இலாகா தனிக் கம்பெனியாகப் பிரிந்தது. அதன் பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. குடும்பப் பெயர் டொயோடா. கம்பெனியின் பெயரோ டொயோட்டா. ஜப்பானிய எழுத்தில் இப்படி எழுதினால் எட்டுக் கோடுகள் வரும். எட்டு என்பது அவர்களுக்கு அதிர்ஷ்ட எண். யந்திரம் படித்த மனிதரும் எண் சாஸ்திரத்தை விடவில்லை பாருங்கள்!

கொரோமோவைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இருந்தது. பட்டுப்பூச்சி வளர்த்துப் பிழைத்த ஊர் அது. பட்டு வியாபாரம் சரிந்து ஊர் வாடியபோது, ஊர்த் தலைவர்களே முன்வந்து விளையாத மேட்டு நிலத்தைக் காட்டி அழைத்தார்கள். ஒரு தொழில் சாகும் இடத்தில் இன்னொரு தொழில் குடியேறியது.

யுத்தம் முடிந்த பின்பு நடந்ததுதான் நமது விஷயத்தின் மையம். லாரி செய்ய 1945 செப்டம்பரிலேயே அமெரிக்க அதிகாரிகள் அனுமதி கொடுத்துவிட்டார்கள்; கார் செய்வதற்கோ 1949 அக்டோபர் வரையில் கட்டுப்பாடு நீங்கவில்லை. அனுமதி இருந்தாலும் இரும்பு எங்கே? நிலக்கரி எங்கே? வாங்குவார் யார்? கூடியிருந்த ஆயிரக்கணக்கான தொழிலாளருக்கு என்ன சோறு போடுவது? கீயிசிரோ எதையும் கேவலமாக எண்ணவில்லை. சட்டியும் பானையும் கூட அந்தத் தொழிற்சாலையில் செய்யப்பட்டன. பீங்கான் பாத்திரம் செய்ய யோசித்தார்கள். குளத்து மீன் வளர்ப்பது பற்றியும் யோசித்தார்கள். கீயிசிரோ தம் சொந்தக் குமாரர் ஷோயிசிரோவை வடகோடியிலுள்ள வாக்கனாய் என்ற ஊருக்கு, மீன் பண்டம் தயாரிக்கும் தொழிலில் பழக அனுப்பினார். நாம் இதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. என்ன செய்தாவது ஆட்களைக் கலையாமல் வைத்துக் கொள்ள வேண்டும் என்று ஒரு கம்பெனி நினைத்தது, அதைத்தான் சொல்கிறோம்.

ஆனால் வந்தது புயல். 1949-ல் டெட்ராயிட் நகரத்துப் பாங்கிக்காரரான ஜோஸப் டாட்ஜ் என்பவர் ஜப்பானியப் பண வீக்கத்தை அடக்குவதற்காக அனுப்பப்பட்டார். சர்க்கார் வரவுக்கு மேல் ஒரு யென்னும் செலவிடக் கூடாது. டாலருக்கு 360 யென் என்பதே விகிதம். தொழில்களுக்குச் சர்க்கார் பாங்கி கொடுத்து வந்த புதுக் கடன் நிறுத்தம். வைத்தியம் பலித்தது, வீக்கம் வடிந்தது. நோயாளிதான் மூர்ச்சையானான். தவணைக்கு லாரி வாங்கினவர்கள் தவணை கட்டவில்லை. இரும்பின் விலையோ ஏறிற்று. அவ்வருஷக் கடைசியில் டொயோட்டா கம்பெனி திவாலின் வாசலில் நின்றது.

அப்போது தேசத்தின் தலைமைப் பாங்கிக்கு அதிபராக இருந்தவர் இச்சிமாடா. ஜப்பானில் கார்த் தொழிலை வளர்ப்பதில் அர்த்தமில்லை, அமெரிக்காவிலிருந்து வாங்கிக் கொள்ளலாம் என்ற அபிப்பிராயத்தை 1950-ல் பகிரங்கமாகவே வெளியிட்டவர். அதே பாங்கியின் நாகோயா கிளைதான், ஒரு கம்பெனி விழுந்தால் அதற்கு உதிரி சாமான் செய்யும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளும் விழும் என்பதைக் கண்ணெதிரே கண்டு, இருபதுக்கு மேற்பட்ட பாங்கிகளைக் கூட்டி, சுமார் 19 கோடி யென் கடனுக்கு வழி செய்தது. தலைநகரில் தெரியாதது சில சமயம் ஜில்லாவில் தெரிகிறது.

கடன் சும்மா வரவில்லை. விற்பனைக்குத் தனிக் கம்பெனி ஏற்படுத்த வேண்டும். விற்கும் அளவுக்கே வண்டி செய்ய வேண்டும். ஆட்களைக் குறைக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். முதல் நிபந்தனைப்படி 1950 ஏப்ரலில் காமியா என்பவரின் தலைமையில் விற்பனைக் கம்பெனி பிரிந்தது. மூன்றாவதுதான் தொண்டையில் முள்ளாக நின்றது. ஏனெனில் 1949 டிசம்பரில்தான், சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொழிலாளர் விட்டுக் கொடுப்பது, கம்பெனி யாரையும் நீக்காமல் இருப்பது என்று இரு தரப்பாரும் எழுதிக் கையொப்பமிட்டிருந்தார்கள். தொழிலாளர் தங்கள் பங்கைச் செலுத்திவிட்டார்கள். கம்பெனியோ நான்கு மாதத்தில் 1,600 பேர் தாமாக விலக வேண்டும் என்று கேட்டது.

வேலைநிறுத்தமும் ஊர்வலமும் தொடர்ந்தன. இரண்டு மாதம் தொழிற்சாலை தத்தளித்தது. தொழிலாளர் பக்கம் நியாயம் இருந்தது என்பதே நம் எண்ணம். எழுதிக் கொடுத்த கையெழுத்துக்கு மதிப்பில்லாவிட்டால் பிறகு எதற்கு மதிப்பு? ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1950 ஜூன் 5-ந் தேதி கீயிசிரோ தலைமைப் பதவியை ராஜினாமா செய்தார். வாக்குக் கொடுத்தவர் தாம், அதைக் காப்பாற்ற முடியாதவரும் தாம். ஆகவே பிறரை வெளியே அனுப்பிவிட்டு நாற்காலியில் தாம் இருப்பதில்லை என்று விலகினார். ஐந்து நாளில் தகராறு முடிந்தது. கேட்ட தொகைக்கும் அதிகமானவர்கள் வெளியேறினார்கள். தேச புனருத்தாரணம் என்று நாம் எளிதாக எழுதிவிடுகிறோமே, அதன் செலவுக் கணக்கில் இந்தக் குடும்பங்களும் அடங்கும்.

ஜூன் 25-ந் தேதி கொரியாவில் யுத்தம் மூண்டது! மூன்றே வாரத்தில் உலகம் மாறியது. அமெரிக்க இராணுவம் அவசரமாக லாரி கேட்டது. ஜூலையில் 1,000, அடுத்த மாதம் அதற்கு இரு மடங்குக்கு மேல், இப்படி 1951 மார்ச்சுக்குள் 4,679 லாரிகளுக்கு ஆர்டர் வந்தது. கம்பெனி பிழைத்தது. பக்கத்து தேசத்தில் சிந்திய இரத்தத்தினால் வந்த பிழைப்பு அது. ஜப்பானின் மீட்சியைப் புகழுகிறவர்கள் இதை விழுங்கிவிடுவது சரியல்ல. அந்த ஆர்டர்கள் இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் அத்தனை பேர் வேலை இழந்திருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை.

எனினும், அதிர்ஷ்டம் பல கம்பெனிகளின் கதவைத் தட்டிற்று. வந்த பணத்தை என்ன செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். புதுத் தலைவராக வந்தவர் இஷீடா. எங்கிருந்து வந்தார் என்று நினைக்கிறீர்கள்? பழைய தறிக் கம்பெனியிலிருந்துதான்; அதன் தலைவர் அவர். பிள்ளை தடுமாறியபோது தாய்வீட்டு மனிதர் வந்து குடும்பத்தை ஏற்றுக் கொண்டது போல. பைசாவை எண்ணிச் செலவிடுகிறவர். தன் கோட்டையைத் தானே காக்க வேண்டும், கடன்காரன் கையில் சாவியைக் கொடுக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. லாபத்தைப் பங்குதாரருக்கு வாரி இறைக்காமல் புது யந்திரங்களில் போட்டார். கீயிசிரோவின் சிறிய தகப்பனார் மகனான எய்ஜி, அந்த 1950 ஜூலையிலேயே அமெரிக்கா சென்று போர்டு கம்பெனியின் பிரம்மாண்டமான தொழிற்சாலைகளைப் பார்த்து வந்தார். தொழிலாளர் தங்கள் யோசனைகளை எழுதிக் கொடுக்கும் ஏற்பாட்டை அங்கே கண்டு, 1951-ல் தம் கம்பெனியிலும் தொடங்கினார்கள். தலைவர் ஒருவருக்கு மட்டும் புத்தி இருந்தால் போதும் என்ற எண்ணம் அந்தத் தொழிற்சாலையில் நீங்கத் தொடங்கிற்று.

இந்த இடத்தில்தான் அறுந்த இழையின் கதை திரும்புகிறது. தாயிச்சி ஓனோ என்பவர் டொயோடா குடும்பத்து நூற்பு நெசவு மில்லில் 1932-ல் சேர்ந்து, 1943-ல் மோட்டார் கம்பெனிக்கு மாறியவர். மில்லில் ஒரு பெண் பல யந்திரங்களைப் பார்த்துக் கொள்வாள். மோட்டார் தொழிற்சாலையிலோ யந்திரத்துக்கு ஓர் ஆள் நின்று வேடிக்கை பார்த்தான். தறி செய்வதை இந்த யந்திரம் ஏன் செய்யக் கூடாது? தவறு நேர்ந்தால் யந்திரம் தானே நிற்கட்டும். கோளாறைக் காணும் தொழிலாளியும் வேலை வரிசையை நிறுத்தட்டும். 1947 முதலே ஓனோ ஓர் ஆளை இரண்டு யந்திரங்களுக்கும், பிறகு மூன்று நான்குக்கும் நிறுத்திப் பார்த்தார். கைதேர்ந்த பழைய தொழிலாளர் முணுமுணுத்தார்கள்; ஒரு யந்திரத்தில் பெற்ற பெருமை பறிபோகிறது என்ற வருத்தம் அவர்களுக்கு.

வேண்டிய பாகம் வேண்டிய வேளைக்கு மட்டும் வர வேண்டும் என்பது கீயிசிரோ 1938-லேயே கண்ட கனவு. ஓனோ அதற்கு உருவம் கொடுத்தார். அமெரிக்கப் பெரிய மளிகைக் கடைகளில் வாடிக்கைக்காரர் எடுத்துப் போன அளவுக்கே அலமாரியில் மீண்டும் சாமான் நிரப்புவார்கள் என்று கேள்விப்பட்டு, பின் வேலை செய்கிறவர் முன் வேலை செய்கிறவரிடம் சென்று தேவையானதை மட்டும் எடுத்து வரும்படி மாற்றினார். 1953-ல் யந்திரப் பட்டறையில் தொடங்கிய இந்த முறை, சீட்டு வைத்து நடத்தும் ஏற்பாடாகக் கம்பெனி முழுவதற்கும் பரவப் பத்து வருஷம் பிடித்தது. நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இதில் புதுமை தோன்றாது. இடமும் பணமும் குறைவாயுள்ள வீட்டில் ஆறு மாதத்துக் காய்கறியை யார் வாங்கி அடுக்குகிறார்கள்? வறுமை கற்றுக் கொடுத்த சிக்கனம், பிற்காலத்தில் உலகத்துக் கலாசாலைகளில் பாடமாயிற்று.

தேசத்தின் கணக்கையும் சிறிது பார்ப்போம். 1950-ல் ஜப்பான் முழுவதிலும் செய்யப்பட்ட மோட்டார் வண்டிகள் சுமார் 32,000. அவற்றில் கார்கள் 1,600-ஐக் கூட எட்டவில்லை. 1960-ல் அத்தொகை சுமார் 4,80,000. 1980-ல் ஒரு கோடியைத் தாண்டி, ஜப்பான் அமெரிக்காவையே முந்தியது. இதில் சர்க்காருக்குப் பங்கில்லை என்று சொல்ல மாட்டோம். அந்நியக் கார்களை வரியாலும் உத்தரவாலும் தடுத்து நின்றது சர்க்கார்தான். ஆனால் வேலி போடுவது வேறு, பயிர் செய்வது வேறு. வேலிக்குள் களை மட்டும் வளர்த்த தேசங்களும் உண்டு. நமது தேசத்தில் ஒரு காரைப் பதிவு செய்துவிட்டு வருஷக் கணக்காகக் காத்திருந்த குடும்பங்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

கீயிசிரோ இவற்றில் எதையும் பார்க்கவில்லை. கம்பெனி நிமிர்ந்த பிறகு, 1952-ல், மீண்டும் தலைமை ஏற்கும்படி இஷீடா அவரை அழைத்தார். அந்த வருஷம் மார்ச் 27-ந் தேதி அவர் காலமானார். வயது 57. அந்நியர் உதவியின்றி முழுவதும் தன் கையாலேயே கம்பெனி உருவாக்கிய கிரௌன் என்னும் கார் 1955 ஜனவரியில்தான் வெளிவந்தது. அது 1957-ல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிற்று. அங்குள்ள பெருஞ்சாலைகளின் வேகத்தைத் தாங்க மாட்டாமல் திணறிற்று. 1960-ல் அந்த ஏற்றுமதியை நிறுத்தும்படி ஆயிற்று. 1935-ல் லாரி நின்றபோது செய்ததையே மறுபடியும் செய்தார்கள்: கொண்டு வந்து பிரித்துப் பார்த்தார்கள். சில வருஷத்தில் வேறு காருடன் திரும்பிப் போனார்கள்.

பாங்கிகளின் நிபந்தனைப்படி 1950-ல் பிரிந்த விற்பனைக் கம்பெனி முப்பத்திரண்டு வருஷம் தனியாகவே இருந்தது. 1982 ஜூலையில் இரண்டும் மீண்டும் ஒன்றாயின. ஒன்றான கம்பெனிக்குத் தலைவராக அமர்ந்தவர் ஷோயிசிரோ டொயோடா; யுத்தம் முடிந்த புதிதில் மீன் பண்டம் செய்யக் கற்பதற்காக வாக்கனாய்க்கு அனுப்பப்பட்டவர்.